எங்கள் ஜீப்பை அடுக்கியவர்

ஜீப்பின் பின்கதவைத் திறந்ததும் அவர் எதையும் ஏற்றமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறும் தகரத் தரையைப் பார்த்தபடி நிற்பார். அலுவலக முற்றத்தில் சாமான்கள் கிடக்கும். மண்வெட்டி, ஜாக்கி, கயிறு, காற்றடிக்கும் பம்ப், இரண்டு மேலதிகச் சில்லு, டீசல் கான், தண்ணீர்க் கான், என்னுடைய ஐஸ் பெட்டி, போத்தல்கள். வெயில் ஏறிக்கொண்டு வரும். எனக்கு நேரம் போகும்.

"என்ன அண்ணை, பாத்துக்கொண்டே நிக்கிறியள்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"முதல்லை கண்ணாலை ஏத்தோணும் மிஸ். பிறகுதான் கையாலை."

கையால் ஏற்றத் தொடங்கினால் பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் ஒரு கை நுழைய இடமிருக்காது. ஆனால் எது வேண்டும் என்று கேட்டாலும், வேறெதையும் அசைக்காமல் அதை மட்டும் உருவி எடுத்துத் தருவார்.

நல்லூரில் எங்கள் அலுவலகம். தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள்களால் காலையும் மாலையும் அடைபட்டுப்போகும் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்தது. குடாநாட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. அவர் சாரதி, நான் புதிதாகச் சேர்ந்த பரிசோதனை அலுவலர். உரும்பிராயில் மற்றவர்களின் தோட்டங்களில் வெங்காயம் நட்ட அம்மாவுக்கும், தண்ணீர் இறைப்புக்குப் போன அப்பாவுக்கும் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள், பல்கலைக்கழகம் போன முதல் ஆள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட முதல் ஆள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அட்டையைக் கழற்ற எனக்கு மனம் வராது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமில்லை.

ஜீப் பழையது. நாலு சில்லும் இழுக்கும் என்பதற்காக மட்டும் அதை விற்காமல் வைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் ஒரு பாயைப் பாதி விரிக்கும் இடம். இதை வைத்துக்கொண்டு வடமராட்சி கிழக்கின் மணலுக்குள் போய்வர வேண்டும். தார் ரோடு முடிகிற இடத்தில் சில்லுகளின் காற்றைக் குறைத்துக்கொண்டு இறங்குவோம். திரும்பி அதே இடத்துக்கு வந்ததும் காற்றடிப்போம். நடுவில் சில்லு புதைந்தால் மண்வெட்டியால் தோண்டி, சாக்கை விரித்து ஏற வேண்டும். ஜாக்கி மணலுக்குள் இறங்கிப் போகாமல் அதன் அடியில் வைக்க ஒரு பலகை. இதில் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

"கனம் கீழை, கண்ணாடி நடுவிலை, காத்து மேலை." இதுதான் அவருடைய கணக்கு. சில்லுகளும் கான்களும் தரையோடு. என் போத்தல்கள் நடுவில், சாரத் துணி சுற்றி. காத்து என்று அவர் சொன்னது பாரமில்லாத சாமான்களை. அவற்றுக்காக ஜீப்பின் கூரைக்குக் கீழே மீன்வலையை இழுத்துக் கட்டியிருந்தார். கோப்புகள், மழைச்சட்டை, குடை, சோற்றுப் பார்சல் எல்லாம் எங்கள் தலைக்கு மேல் அந்த வலைக்குள் ஆடிக்கொண்டு வரும். சில்லின் நடு ஓட்டைக்குள் தேநீர்க் கேத்தில், கேத்திலுக்குள் கோப்பைகள், கோப்பைக்குள் சீனிப் பை. ஆசனத்துக்கு அடியில் அவர் அடுக்கியிருந்ததை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

எங்கே பழகினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ரை மனுசியட்டைத்தான். முகாமிலை பத்துக்குப் பத்து அறை. அதுக்குள்ளை ஆறு பேர், ஒரு அலுமாரி, ஒரு ஆடு. அதுக்குள்ளையும் அவ எனக்கு ஒரு கதிரை போட இடம் எடுத்துத் தந்தவ."

"ஆடு எங்கை நிண்டது?"

"கதிரைக்குக் கீழை."

கீரிமலைப் பக்கம் அவருடைய ஊர். போரில் இடம்பெயர்ந்து பல வருடம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் கதைத்ததில்லை.

எனக்கு அவரில் பிடிக்காத ஒன்று இருந்தது. இடமில்லை என்று அவர் யாருக்கும் சொல்லமாட்டார். மணல் ஊர்களுக்கு பஸ் எப்போதாவதுதான் வரும். எங்கள் ஜீப்பின் சத்தம் கேட்டால் வேலிக்கு வேலி ஆள் நிற்கும். "அண்ணை, இதைப் பருத்தித்துறையிலை என்ரை தங்கச்சியட்டைக் குடுத்துவிடுறியளே?" ஒரு பை ஒடியல், காயவைத்த பனங்கிழங்கு. திருத்தக் கொடுத்த மின்விசிறி. பாதிப் பலாப்பழம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "கொண்டுவாங்கோ, வைக்கலாம்."

ஒருநாள் தையல் மெஷின் ஒன்றை ஏற்றினார். கையால் சுற்றுகிற சின்ன மெஷின்தான், ஆனாலும் இரும்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

"இது ஆட்டோ இல்லை அண்ணை. அரசாங்க வேலைக்கு வந்த ஜீப்."

"ஓம் மிஸ். ஆட்டோ எண்டால் மணலுக்கை வராது," என்று சொல்லிக்கொண்டே சில்லுக்குள் இருந்த கேத்திலை எடுத்து என் மடியில் வைத்தார். மெஷினைத் தலைகீழாகச் சில்லுக்குள் இறக்கினார். அளந்து செய்தது போல இருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேத்திலோடு வந்தேன். அன்றிலிருந்து அவர் என்னை மிஸ் என்பதை விட்டு, தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கினார். மடியில் சாமான் வைத்த பிறகு மிஸ் என்று கூப்பிடுவது சரியில்லை என்று நினைத்தாரோ தெரியாது.

ஒரே ஒருமுறை மட்டும் அவர் இடமில்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் மேலதிகாரி ஓர் ஊரில் கிணறு திறக்கப் போகிறார் என்று, அவருடைய படம் போட்ட பெரிய பதாகையை ஸ்டோர் கீப்பர் சுருட்டிக்கொண்டு வந்தார். பாரமில்லாத சாமான். ஜீப்பும் பாதி வெறுமையாக இருந்தது.

"இடமில்லை," என்றார் இவர்.

"உந்த வலைக்குள்ளை வையுங்கோவன்."

"வலை மீன் பிடிக்கிறதுக்கு."

ஸ்டோர் கீப்பர் பதாகையைத் தன் மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்துக் கொண்டுபோனார். மேலதிகாரி அதை மறக்கவில்லை.

உப்பு விடயம் நடந்தது அடுத்த மழைக்காலத்தில்.

கடலோரத்தில் ஒரு சிற்றூர். நாற்பது குடும்பம் இருக்கும். வீட்டுக் கிணறுகள் எல்லாம் உவர். சவுக்குத் தோப்புக்கு அருகில் ஒரு பொதுக்கிணறு மட்டும் நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் அதற்குள்ளும் இறங்குகிறதா என்று பார்க்க எங்களை அனுப்பினார்கள். நாங்கள் போவதற்கு முதல் நாள் மாலை, அந்த ஊரில் கருவாடு போடும் ஓர் அக்கா இவருக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். உப்பு லொறி வரவில்லை, மீன் நிறையப் பட்டிருக்கிறது, ஒரு மூட்டை உப்பு வாங்கிவர முடியுமா என்று. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை.

உப்பு மூட்டை தரையில், கனமல்லவா. அதற்கு மேல் போத்தல் பெட்டி. போத்தல்களின் மூடிகளை நாங்கள் கழுவிக் காயவைத்து ஒரு துணிப்பையில் தனியாகக் கொண்டுபோவோம். அந்தப் பை வழக்கமாக வலைக்குள் இருக்கும். அன்று வலைக்குள் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பையும் புதுச் சப்பாத்தும் இருந்தன. அதனால் மூடிப் பை உப்பு மூட்டையின் மேல் போனது. வழியெல்லாம் தூறல். ஜீப்பின் தரை ஈரம்.

கிணற்றடியில் நான் தண்ணீர் எடுத்தேன். போத்தலையும் மூடியையும் அந்தக் கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசிய பிறகுதான் மாதிரியை நிரப்ப வேண்டும். இது முதல் வாரத்தில் படித்த பாடம். இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அன்று மழை கனக்கத் தொடங்கியது. என் புதுச் செருப்பு சேற்றில் புதைந்துகொண்டிருந்தது. நான் அலசவில்லை. நிரப்பினேன், மூடினேன், ஐஸ் பெட்டியில் வைத்தேன். உப்பளவைக் கிணற்றடியிலேயே காட்டும் கைக்கருவி அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது. அவர் பக்கத்தில் நின்று எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் ஆய்வுகூடத்து முடிவு வந்தது. உப்பு அளவுக்கு மேல். அலுவலகம் கிணற்றில் 'குடிக்க உகந்ததல்ல' என்று பலகை அடித்தது. இரண்டு நாளைக்கொருமுறை பவுசர் லொறியில் தண்ணீர் கொடுத்தார்கள். பவுசர் மணலுக்குள் போகாது. ஊர்ச்சனம் தார் ரோடு வரைக்கும் கான்களோடு நடந்து வந்தது.

கருவாட்டு அக்கா இவருக்கு ஃபோன் எடுத்துப் பேசியது எனக்கும் கேட்டது. அவ்வளவு சத்தம். "எண்பது வயசுக் கிழவனும் அதைத்தானே குடிச்சது! உங்கடை ஒப்பீஸ் ஆக்களுக்கு நாக்கில்லையோ?"

அவர் என் மேசைக்கு வந்தார். "தங்கச்சி, அண்டைக்கு நான் அந்தக் கிணத்துத் தண்ணி ரெண்டு செம்பு குடிச்சனான். உவரில்லை."

"நாக்கு ஆய்வுகூடம் இல்லை அண்ணை," என்றேன். தாளில் வந்த இலக்கத்தை நான் நம்பினேன். இலக்கத்தை நம்பித்தானே நான் இவ்வளவு தூரம் வந்தது.

அவர் முற்றத்துக்குப் போய் ஜீப்பை முழுதாக இறக்கினார். பாய், பலகை, சாக்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் கழித்து மூடிப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். துணியில் அலை அலையாக வெள்ளைக் கோடு. பைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஒரு மூடிக்குள் நாலு கல் போதும், ஒரு போத்தல் தண்ணீரைக் கெடுக்க.

மூன்று தரம் அலசியிருந்தால் அந்த நாலு கல்லும் போயிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே மேலதிகாரியின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"கிணறு பிழையில்லை சேர். உப்பு நான் ஏத்தினது."

"ஆரின்ரை உப்பு?"

"கருவாடு போடுற ஒரு பிள்ளையின்ரை. லொறி வரேல்லை. மீன் பழுதாப்போடும் எண்டு அழுதவ."

"அப்ப இது லொறியோ?"

"இல்லை சேர்."

பிறகு மேலதிகாரி சொன்னார்: "திரும்ப எடுத்துப் பாப்பம். தண்ணி உண்மையிலையே உவரெண்டால் உம்மிலை பிழையில்லை, நீர் தப்பினீர். நல்ல தண்ணியெண்டால், வெளிச் சாமான் ஏத்தி மாதிரியைக் கெடுத்தது நீர். இந்த மாதத்தோடை உம்மடை ஒப்பந்தம் முடிஞ்சுது."

"அப்ப நல்ல தண்ணியாயிருக்கோணும் எண்டு கும்பிடுங்கோ சேர்," என்றார் இவர்.

நான் என் மேசையில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அம்மா அதற்குக் கோவிலில் நேர்த்தி வைத்திருந்தார். எழும்பி அந்த அறைக்குள் போக எட்டு அடி. நான் எழும்பவில்லை.

மறுபடி தண்ணீர் எடுக்க மேலதிகாரியும் வந்து முன்னால் ஏறினார், நான் பின்னால் சாமான்களோடு இருந்தேன். வெளிச் சாமான் ஒன்றும் ஏற்றக்கூடாது என்று கட்டளை. ஜீப்பில் முதன்முறையாக நிறைய இடம் இருந்தது. வழியெல்லாம் சில்லும் கானும் ஜாக்கியும் உருண்டு ஒன்றோடொன்று மோதின.

"என்ன சத்தம் இது?" என்று மேலதிகாரி எரிந்து விழுந்தார்.

"இடம் கூடினால் சாமான் சண்டை பிடிக்கும் சேர்."

கிணற்றடியில் ஊர் முழுக்க நின்றது. அவர் ஜீப்படியிலேயே நின்றுகொண்டார். நான் போத்தலையும் மூடியையும் அலசினேன். ஒன்று. இரண்டு. மூன்றாம் தரம் அலசி ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. ஒருவர் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பார்க்கும் பார்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று குடை பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, நான் அலசாதது தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த அறைக்குப் போய், நான் ஏத்தினது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நாலு நாளில் முடிவு வந்தது. நான்தான் அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"நல்ல தண்ணியோ?" என்றார், நான் வாய் திறக்கும் முன்னரே.

"ஓம் அண்ணை."

"இஞ்சருமப்பா, கிணறு நல்லதாம்!" என்று மனைவிக்குச் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு என்னிடம், "பலகையை இண்டைக்கே கழட்டச் சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை நான் வந்து என்ரை சாமானை இறக்கிறன்," என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு அந்த எட்டு அடியை நடந்தேன். அலசாததைச் சொன்னேன். சொல்லும்போது அடையாள அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதித் தாரும். ஒரு எச்சரிக்கைக் கடிதம் உம்மடை கோப்பிலை போடுவன். படிச்ச பிள்ளை, இனிக் கவனமாயிரும்."

"அண்ணையின்ரை ஒப்பந்தம் சேர்?"

"அது வேறை. உப்பு ஏத்தினது ஏத்தினதுதானே."

படித்த பிள்ளை. அதுவரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் என் முதுகு தானாக நிமிரும். ஒரே பிழையில் இரண்டு பேருக்குப் பங்கிருந்தது. எனக்குக் கடிதம் கிடைத்தது, அவருக்கு வேலை போனது. நடுவில் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் வேலை. அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஸ்டோர் கீப்பர் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றார். அலுவலகச் சாமான் ஒரு பக்கம், அவருடையது ஒரு பக்கம். அவருடைய பக்கம் வளர்ந்துகொண்டே போனது. சாக்குகள், ஜாக்கிப் பலகை, பம்ப், கான்கள், கேத்தில், இழுவைக் கயிறு. இந்த இரண்டு வருடமும் எங்களை மணலிலிருந்து எடுத்தது பெரும்பாலும் அவருடைய சொந்தச் சாமான் என்று அன்றுதான் கண்டோம்.

"இவ்வளவையும் எப்பிடிக் கொண்டுபோவியள்? ரெண்டு தரம் வாங்கோவன்," என்றார் ஸ்டோர் கீப்பர். அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ரெண்டாந்தரம் வர இஞ்சை எனக்கு என்ன வேலை?"

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிராமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "போய்ச் சொல்லிப்போட்டியளாம். ஏன் தங்கச்சி சொன்னனீங்கள்? ஒரு ஆள் இருக்கிற இடத்திலை ரெண்டு பேரை ஏத்தி என்ன பிரயோசனம்?"

"நான் முதலே சொல்லியிருக்கோணும் அண்ணை."

"ஓம்," என்றார். "முதலே சொல்லியிருக்கோணும்."

அவர் என்னைக் கண்டித்தது அந்த ஒரு வரியில் மட்டும்தான். நான் அழவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவருக்குக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் நிரம்பிவிட்டது. இரண்டு பக்கமும் சாக்கு, டாங்கியின் மேல் பம்ப், பின்னால் பலகை, பலகையின் மேல் கான்கள். அவர் இருப்பதற்கு ஒரு சாண் விட்டிருந்தார். ஒழுங்கையில் வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கினேன். பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து என் பக்கத்தில் நின்றது.

"பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும். ஏறுங்கோ, உரும்பிராயிலை விடுறன்."

"உங்களுக்குச் சுத்து அண்ணை."

"சுத்துத்தான்."

"எங்கை அண்ணை ஏறுறது?"

இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு கானை எடுத்து ஹாண்டிலில் கொழுவினார். சாக்கை இழுத்து முன்னுக்குத் தள்ளினார். பலகையை நிமிர்த்திக் கான்களுக்கு முண்டு கொடுத்தார். அந்த ஒரு சாண் இரண்டு சாணானது. நான் என் பையை மடியில் வைத்து ஒரு பக்கமாக ஏறி இருந்தேன். கயிற்றை என் முதுகுக்குப் பின்னால் சுற்றி எடுத்தவர் முடிச்சுப் போட இடமில்லாமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் நுனியை என் கையில் தந்தார்.

"இதை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருங்கோ. விட்டால் எல்லாம் ரோட்டிலை."

உரும்பிராய்ச் சந்தி வரும்வரைக்கும் நான் அதை விடவில்லை.